ஜோர்தானுக்குப் போவதா? திருகோணமலையில் ஐந்து நாள்

முதல் நாள்: செவ்வாய், 2025 ஆகஸ்ட் 19

கொழும்புக் கோட்டையில் நேற்றிரவு ஏறிய தபால் புகையிரதம் இன்று விடியுமுன்பே திருகோணமலையில் இறக்கிவிட்டது. சூரியன் எழாத அந்த வேளையிலும் கச்சான் காற்று தன் சூட்டை விட்டிருக்கவில்லை. நிலைய வாசலில் ஓட்டோக்காரர்கள் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு தூங்கி வழிந்தார்கள். படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் இம்முறை ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. அடுத்த மாதம் 27ஆம் திகதி புறப்பட வேண்டிய இன்னொரு பயணத்தைப் போவதா, விடுவதா என்று பெரியம்மாவோடு இருந்து பேசி முடிவெடுக்க வந்திருக்கிறேன்.

பெரியம்மாவுக்கு 71 வயது. புனித பூமி யாத்திரைக்கு அவர் பணம் கட்டத் தொடங்கியது 2023இன் தொடக்கத்தில். பெத்லகேம், நாசரேத்து, எருசலேம், பிறகு ஆற்றைக் கடந்து ஜோர்தான் என்று பத்து நாள் நிரல். அந்த ஆண்டு நவம்பரில் புறப்பாடு. ஒக்டோபர் 7இல் ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்க, அதைத் தொடர்ந்து காஸா மீது போர் தொடங்க, யாத்திரை ஒத்திவைக்கப்பட்டது. அதன்பின் இன்னும் இருமுறை ஒத்திவைத்த முகவர், இப்போது இஸ்ரேல் பகுதியை முழுவதுமாக நீக்கிவிட்டு, ஜோர்தானை மட்டும் எட்டு நாளாக்கித் தந்திருக்கிறார்: மாதபா, நெபோ மலை, இயேசு ஞானஸ்நானம் பெற்ற இடமெனப் போற்றப்படும் யோர்தான் ஆற்றங்கரை, கடைசியில் பெட்ரா. துணைக்கு நான். மீதிப் பணத்தை வரும் திங்கட்கிழமைக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் முற்பணம் என்னாகும் என்று கேட்டால் ‘ஒத்திவைப்பு உண்டு, திருப்பிக் கொடுப்பு இல்லை’ என்பது ஒன்றே பதில். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பதால் கோபப்படவும் வழியில்லை.

மாலையில் கோணேசர் கோயிலுக்கு நடந்தேன். பெரியம்மாவும் அம்மாவும் கத்தோலிக்கர், அப்பா வழி சைவம். இது எங்கள் வீட்டில் ஒருநாளும் ஒரு பேச்சாக இருந்ததில்லை. பிரெட்ரிக் கோட்டை வாசலில் புள்ளிமான் ஒன்று நின்றது. யாரோ போட்ட வாழைப்பழத் தோலை அது தொடவேயில்லை, பழம் சுற்றி வந்த செய்தித்தாளைத்தான் மென்றுகொண்டிருந்தது. தாளில் இடிந்த கட்டடம் ஒன்றின் படம் இருந்தது. எந்த ஊர் என்று குனிந்து பார்ப்பதற்குள் அதுவும் வாய்க்குள் போய்விட்டது.

கோயில் இருக்கும் சுவாமி மலையில் ஏறித் தெற்கே பார்த்தால் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூர்க் கரையும் சம்பூர்க் கரையும் மங்கிய கோடாகத் தெரியும். 2006 ஆகஸ்டில் பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்து இங்கே அகப்பட்டுக்கொண்டவன் நான். மாவிலாற்று மதகு மூடப்பட்டதில் தொடங்கிய சண்டை மூதூர் நகருக்குள் வந்தது; பல்லாயிரம் பேர் பிள்ளைகுட்டிகளோடு கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள்; ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே நாட்களில் குடாவின் இந்தக் கரையில் நாங்கள் வரிசையில் நின்று பாண் வாங்கினோம், துறைமுகப் பக்கமிருந்து சம்பூரை நோக்கிப் போகும் ஷெல்லின் ஓசையை எண்ணிக்கொண்டே சாப்பிட்டோம், படுத்தோம். அந்தக் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரந்தான்; ஆனால் படகுச் சேவை நின்ற நாளிலிருந்து மூதூர் எங்களுக்குக் கொழும்பை விடத் தொலைவாகிவிட்டது. ஜோர்தான் போருக்குப் ‘பக்கத்தில்’ இருக்கிறதே என்று கொழும்பில் அலுவலக நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருவது இந்தக் குடாதான்.

இரண்டாம் நாள்: புதன், ஆகஸ்ட் 20

இன்று வெளியே போகவில்லை. பெரியம்மாவின் சாப்பாட்டு மேசையில் என் ஒன்பதாம் வகுப்பு அட்லஸ், காப்புறுதிப் பத்திரம், விமான நிரல் மூன்றையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெரியம்மா தையல் பெட்டியிலிருந்து ஒரு துண்டு நூலை எடுத்து வந்து அளக்கச் சொன்னார். ஜோர்தானின் தலைநகர் அம்மானிலிருந்து காஸா நேர்கோட்டில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். நாங்கள் போகவிருக்கும் ஆற்றங்கரையிலிருந்து 110. கொழும்பிலிருந்து திருகோணமலைக்கே நேர்கோட்டில் 240க்குச் சற்றுக் குறைவு. நூலை விரலில் சுற்றியபடி பெரியம்மா, “அப்ப கொழும்புச் சனம் எங்கட பிரச்சினைக்கு எவ்வளவு தூரத்திலை இருந்தது?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

தரையை விட வானந்தான் இப்பயணத்தில் பெரிய கேள்வி. 2024 ஏப்ரல் 13 இரவில் ஈரான் இஸ்ரேலை நோக்கி ஏவிய ட்ரோன்களும் ஏவுகணைகளும் ஜோர்தானின் மேலாகவே சென்றன. ஜோர்தான் தன் வான்வெளியை மூடியது, சிலவற்றைச் சுட்டும் வீழ்த்தியது. அவ்வாண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி மீண்டும் அதே கதை. இவ்வாண்டு ஜூன் 13 முதல் 24 வரை இஸ்ரேலும் ஈரானும் மோதிய 12 நாட்களில் அம்மானில் அபாயச் சங்கு ஒலித்தது, சிதறல்கள் ஜோர்தான் மண்ணில் விழுந்தன. பெட்ராவிலோ மாதபாவிலோ ஒரு கல்லும் அசையவில்லை என்பது உண்மை. ஆனால் வானம் மூடினால் உள்ளே இருப்பவர் உள்ளேதான், வெளியே நிற்பவர் வெளியேதான்.

எங்கள் பயணச்சீட்டோ தோஹா வழியாக. ஜூன் 23 மாலை கட்டாரில் உள்ள அமெரிக்கத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியபோது, போரில் எந்தப் பங்குமில்லாத பயணிகள் ஆயிரக்கணக்கில் அந்த விமான நிலையத்தில் அகப்பட்டார்கள். துபாய் வழியாகப் போனால் பரவாயில்லையா என்று முகவரைத் தொலைபேசியில் கேட்டேன். எல்லாம் ஒரே வானந்தான் என்றார். எரிச்சல் வந்தாலும் அவர் சொன்னது சரிதான்.

காப்புறுதிப் பத்திரம் 22 பக்கம். எலும்பு முறிவு, பொதி தொலைதல், பல்வலி எல்லாவற்றுக்கும் தொகை உண்டு. பதினேழாம் பக்கத்தில் விலக்குகள்: போர், படையெடுப்பு, அந்நிய எதிரியின் செயல், அவற்றால் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளையும் எந்தச் செலவும். அந்த ‘மறைமுகமாகவோ’வில் வான்வெளி மூடப்படுவது அடங்குமா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பிரித்தானிய வெளியுறவு அமைச்சின் அறிவுரையையும் பார்த்தேன். சிரிய எல்லையை ஒட்டிய ஒடுங்கிய பட்டையைத்தான் முற்றாக விலக்கச் சொல்கிறார்கள். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. இருந்தும் அது தன் நாட்டவருக்கு அவர்கள் சொல்வது; ஆபத்தென்றால் அவர்கள் விமானம் அனுப்புவார்கள். நம்மவருக்கு அம்மானில் ஒரு தூதரகம் இருக்கிறது, அதன் தொலைபேசி இலக்கத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதிப் பெரியம்மாவின் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

இரவுச் செய்தியில், காஸா நகரைக் கைப்பற்றும் நடவடிக்கைக்காக இஸ்ரேல் 60,000 சேமப் படையினரை அழைப்பதாகச் சொன்னார்கள். பெரியம்மா தொலைக்காட்சியை நிறுத்தவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தார்.

மூன்றாம் நாள்: வியாழன், ஆகஸ்ட் 21

நிலாவெளி வீதியில் என்னை ஏற்றிச் சென்ற ஓட்டோக்காரர் கிண்ணியாக்காரர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன் பாதையில் ஏறித்தான் ஊருக்குப் போக வேண்டும். (எங்கள் பக்கத்தில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவைக்குத்தான் ‘பாதை’ என்று பெயர், பிற ஊர் வாசகர்கள் குழம்ப வேண்டாம்.) ஜோர்தான் விடயத்தைச் சொன்னதும் அவர் வேகத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்: “நானா (அண்ணா), போறது பிரச்சினை இல்லை. கடைசிப் பாதை எத்தனை மணிக்கெண்டு தெரியுமா?” சிரிப்பாகத்தான் சொன்னார். நான் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

வழியில் போர் வீரர் மயானத்தில் நிறுத்தச் சொன்னேன். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. ஐரோப்பாவில் தொடங்கிய போருக்கு இந்தத் தீவு அதற்குமுன் ‘பக்கத்து நாடு’ கூட இல்லை. நல்ல இயற்கைத் துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும் இங்கே இருந்தன, அது போதுமானதாக இருந்தது. புல் ஒரே அளவில் வெட்டப்பட்டிருக்கும் அந்த மயானத்தில், பத்தொன்பது இருபது வயதுகளைப் படித்துக்கொண்டு நடப்பது எனக்குப் பழக்கமானதுதான், பள்ளிக்கூடக் காலத்தில் இங்கே நிழலுக்காக வந்து உட்கார்ந்திருக்கிறோம். இன்று கண் வேறொன்றைத் தேடியது. போர் எந்த வழியால் வந்தது என்று.

நிலாவெளியில் நண்பனின் விருந்தினர் விடுதி ஏழு அறைகள் கொண்டது. ஆகஸ்ட் என்பதால் கடல் தட்டுப்போல் கிடக்கிறது, புறாத்தீவுக்குப் படகுகள் நிரம்பிப் போகின்றன, அறை எதுவும் காலி இல்லை. அவனுக்கு இந்தக் கேள்வி மறுபக்கத்திலிருந்து தெரியும். 2024 ஒக்டோபரில் அறுகம்பைக்கு யாரும் போக வேண்டாம், அங்கே தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேல் தன் நாட்டவரை உடனே வெளியேறச் சொன்னது. அறுகம்பை இங்கிருந்து நேர்கோட்டில் 200 கிலோமீட்டருக்கு மேல். “ஒரு ஜேர்மன் குடும்பம் நிலாவெளிப் பதிவை ரத்துச் செய்தது. ‘கிழக்குக் கரை’ எண்டு எழுதியிருந்தினம். அவையளைப் பிழை சொல்லேலுமா? வரைபடத்திலை ஒரு விரலுக்குள்ளை ரெண்டு ஊரும் அடங்கும்” என்றான். காஸாவில் நடக்கும் போர் நிலாவெளியில் ஓர் அறையைக் காலியாக்கிய கணக்கு இது. பெட்ராவுக்கு 2023இல் 11 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள், 2024இல் அதில் பாதிகூட வரவில்லை என்று நான் படித்ததைச் சொன்னபோது, அவன் உடனே கேட்டது அங்குள்ள கழுதைக்காரர்களைப் பற்றி. விடுதிக்காரன் கடன் எடுத்தாவது இருந்துவிடுவான், கழுதை நாளாந்தம் தின்னுமே என்றான்.

ஆகவே போய் உதவுவோம் என்று நான் சொல்லப்போவதில்லை. எட்டு நாள் யாத்திரை ஒரு நாட்டைத் தாங்கிவிடாது. பயத்தை மறைக்க நல்ல காரணங்களைத் தேடிக்கொள்வதும் எனக்குப் பிடிக்கவில்லை.

இரவில் பக்கத்து வீட்டு அக்காவின் மகளோடு வட்ஸ்அப்பில் பேசினோம். ஜோர்தானின் வடக்கே இர்பித் நகருக்கு அருகிலுள்ள கைத்தொழிற்பேட்டை ஒன்றில் நான்கு ஆண்டுகளாகத் தைக்கிறாள். “மாமி, ஜூன் மாசம் முதல் ரெண்டு நாள் கட்டிலுக்குக் கீழை படுத்தம். மூண்டாம் நாள் மொட்டை மாடியிலை ஏறிப் பாத்தம், நெருப்புக் கோடு கோடா மேற்கை போச்சு. நாலாம் நாள் ஆறரைக்கு வேலைக்குப் போயிட்டம், ஓடர் முடிக்கோணும்.” ஊருக்கு வர விரும்பவில்லையா என்று பெரியம்மா கேட்டார். ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கிறதாம். பிறகு அவளே தயங்கித் தயங்கிக் கேட்டாள்: வருவதென்றால் மிளகாய்த்தூள் இரண்டு கிலோ கொண்டுவர முடியுமா?

நான்காம் நாள்: வெள்ளி, ஆகஸ்ட் 22

மாலையில் செய்தி வந்தது. உணவுப் பாதுகாப்பை அளவிடும் ஐ.பி.சி. அமைப்பு காஸா மாவட்டத்தில் பஞ்சம் நிலவுவதாக உறுதிப்படுத்தியிருக்கிறது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டினியின் உச்ச நிலையில் இருக்கிறார்கள். ஆற்றங்கரையிலிருந்து 110 கிலோமீட்டர் என்று நூலால் அளந்தது புதன்கிழமை.

இதுவரை நானும் பெரியம்மாவும் பாதுகாப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இன்று அவர் கேட்டது வேறு. இப்படியொரு நேரத்தில் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டு, மூன்று வேளை விடுதிச் சாப்பாடு சாப்பிடுவது முறையா என்றார். அந்த ஆறு சில மீற்றர்தான் அகலம். எதிர்க்கரை இஸ்ரேலின் பிடியிலுள்ள மேற்குக் கரை, அங்கே துவக்கோடு படையினர் நிற்பார்கள், இரு கரையிலும் யாத்திரிகர் ஒருவரையொருவர் பார்த்தபடி இறங்குவார்கள் என்று நான்தான் முன்பு விவரித்திருந்தேன். அந்தக் காட்சி அவருக்குள் தங்கிவிட்டது போலும்.

பிறகு அவர் 2009ஐப் பற்றிப் பேசினார். வழக்கமாகப் பேசமாட்டார். அவ்வாண்டு பெப்ரவரியிலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் முல்லைத்தீவுக் கரையில் காயப்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுவந்தது. பின்னர் புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழுவொன்று கூடாரம் அமைத்த பிறகு கப்பல்கள் அங்கே போயின. பெரியம்மா அந்த இரவுகளில் வாசல் விளக்கை அணைத்துவிட்டுக் கதவு இடுக்கால் அம்புலன்சுகளை எண்ணுவாராம். ஒருநாள் பதினொன்று. எண்ணி முடித்துவிட்டு, ஊறப்போட்ட உளுந்தை அரைக்கப் போனாராம், ஏனென்றால் விடிந்தால் தோசைக்கு மா வேண்டும். அதே மாதங்களில் ஹிக்கடுவையில் வெள்ளைக்காரர் கடலில் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் உங்களுக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டேன்.

“அவையளிலை என்ன கோபம் மகன். இஞ்ச ரெண்டு தெரு தள்ளி இருந்த சனமே கேக்கேல்லை. அவையள் வந்து போட்டு, ஒண்டும் நடக்கேல்லை, நல்ல ஊர் எண்டு போய்ச் சொன்னதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.”

நெடுநேரம் கழித்து மடுவைப் பற்றிச் சொன்னார். 1999 நவம்பரில் மடுத் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் ஷெல் விழுந்து பலர் இறந்தார்கள். போர்நிறுத்தம் வந்தபின் 2003இல், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளுக்கு நடுவே, ஆவணித் திருவிழாவுக்கு அவர் பேருந்தில் போனார். அப்போது நான் பயந்து தடுத்தேனாம், எனக்கு நினைவில்லை. மாதாவைப் பார்க்கப் போனது சரிதான், ஆனால் திரும்பி வந்து பாதை நல்லது என்று யாருக்கும் சொல்லவில்லை என்றார்.

ஐந்தாம் நாள்: சனி, ஆகஸ்ட் 23

காலையில் காப்புறுதிக்காரரிடமிருந்து பதில் வந்திருந்தது: வான்வெளி மூடப்படுவதால் ஏற்படும் தங்குமிடச் செலவு அடங்காது. தெளிவான ‘இல்லை’ என்பதால் எனக்கு அது உதவியாகவே இருந்தது. எட்டு நாள் பயணத்துக்கு மேலதிகமாகப் பத்து நாள் இருவரும் தங்கிச் சாப்பிட எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்த்தேன். அந்தத் தொகை கையில் இருந்தால் போவது, இல்லாவிட்டால் முற்பணத்தை மறந்துவிடுவது என்று எனக்குள் ஒரு கோடு போட்டேன். இருக்கிறது, வீட்டுக் கூரை திருத்த வைத்திருந்த பணத்தைத் தொட்டால்.

பெரியம்மா காலைத் திருப்பலி முடிந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்து தன் முடிவைச் சொன்னார். போகலாம். பெட்ரா வேண்டாம், அது பார்ப்பதற்கான இடம், அவர் பார்க்கப் போகவில்லை. (நண்பனின் கழுதைக்காரர்களை நினைத்து எனக்கு மனம் சற்றே தயங்கியது, ஆனால் அவருடைய முழங்காலுக்கு அந்தப் பள்ளத்தாக்கு நடை எப்படியும் ஆகாது.) அந்த இரண்டு நாளில் இர்பித் போய் அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும். நெபோ மலையில் நின்றால் தெளிவான நாளில் எருசலேம் தெரியும் என்கிறார்கள், மோசே வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் இறந்த இடம் அது. தனக்கும் அவ்வளவு போதும் என்றார். முகநூலில் நான் ஒரு படமும் போடக்கூடாது.

இர்பித் சிரிய எல்லைக்கு ஓரளவு கிட்ட. விலக்கச் சொன்ன பட்டைக்குள் வராது, ஆனாலும் இந்தப் பயணத்திலேயே அந்தப் பட்டைக்கு மிக அருகில் நாங்கள் போகப்போவது யாத்திரைத் தலம் எதற்குமல்ல, ஒரு தையற்காரப் பிள்ளையின் விடுதிக்கு என்பதை அட்லஸில் பார்த்துத்தான் உணர்ந்தேன். பெரியம்மாவிடம் சொன்னேன். தெரியும் என்றார்.

என் பங்குக்கு நானும் மூன்று விடயங்களை வைத்தேன். இரு விமானங்களும் ஒரே பதிவில் இருக்க வேண்டும், அப்போதுதான் இடையில் நின்றால் விமான நிறுவனம் பொறுப்பேற்கும். அம்மானில் பகலில் இறங்க வேண்டும். புறப்படும் நாள் காலையில் வானம் மூடியிருந்தால், அல்லது என் மனம் ஒப்பாவிட்டால், கட்டுநாயக்காவிலிருந்தே திரும்பிவிட வேண்டும். அதற்காகப் பெரியம்மா என்னோடு கோபிக்கக்கூடாது. மூன்றாவதற்கு மட்டும் அவர் உடனே பதில் சொல்லவில்லை. “உன்ரை மனம் எண்டால் எப்பவும் ஒப்பாது” என்று முணுமுணுத்துவிட்டு, சரி என்றார்.

பிற்பகல் முழுவதும் மாத்திரைகளோடு போனது. சீனிக்கு ஒன்று, பிரஷருக்கு இரண்டு, கொலஸ்ட்ரோலுக்கு இரவில் ஒன்று. எட்டு நாளும் பத்து நாளும் சேர்த்து 18 நாளுக்கு, சிறிய பொலித்தீன் பைகளில், ஒவ்வொன்றிலும் திகதி எழுதி மேசையில் வரிசையாக வைத்தேன். பெரியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து எண்ணிப் பார்த்துவிட்டு, இன்னும் ஐந்து பை கேட்டார். பிரஷர் மாத்திரை அத்தனை இல்லை. பிரதான வீதி மருந்துக்கடையிலும் திங்கட்கிழமைதான் வருமாம். பணம் கட்டப் போகும்போது வாங்கிக்கொள்ள வேண்டும், மிளகாய்த்தூளும்.